திண்ணை முதல் சோபா வரை



வரலாறு என்றவுடன் அரண்மனையும் போர்க்களமுமே நம் நினைவிற்கு வருகின்றன. வீட்டுக் கூடத்திலுள்ள சோபாவுக்கும் வரலாறு உண்டு. விற்பவரை வாங்குபவர் எதனைக் கொண்டு நம்பினார் என்பதே அவ்வரலாறு.

முன்னாளில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் விருந்தினர் திண்ணையிலோ, பாயிலோ, கயிற்றுக் கட்டிலிலோ அமர்ந்தனர். பெஞ்சு வேண்டுமாயின் ஊர்த் தச்சரிடம் சொல்லுவோம். அவர் அறுத்த மரத்தை நாமே பார்த்தோம். கால் ஆடினால் மறுநாளே அவரை அழைக்கலாம். தெரிந்த முகமே உத்தரவாதமாக விளங்கிற்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் பட்டினப்பாலை பாராட்டுகிறது. அக்காலத்தில் வாங்குவோருக்குப் பெருந்துணை அத்தகைய மனச்சான்றே.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் தோன்றியது. 1980இல் அசோக் லேலண்டு தொழிற்சாலையும், அதே பத்தாண்டில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் எழுந்தன. பல ஊர்களிலிருந்தும் மக்கள் குடியேறினர். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் பலருக்குக் கடைத்தெருவாயிற்று. சோபாவும் வீடுகளுக்குள் வந்தது. மேலே துணி, அதனடியில் நுரைப்பஞ்சு, அதற்கும் அடியில் மரச்சட்டம். தரத்தை முடிவு செய்யும் பகுதிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதனை நான் பட்டறிந்தேன். 2012இல் எல்லைக்கு அப்பாலிருந்த கடையொன்றில் சோபா வாங்கினேன். சட்டம் தேக்கு என்றார் கடைக்காரர். ரசீது போட்டால் வரி கூடும் என்றார். நானும் இசைந்தேன். எட்டாம் மாதத்தில் என் அன்னையார் அமர்ந்தபோது சட்டம் முறிந்தது. அவர் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டது. துணியைப் பிரித்தேன். உள்ளே இருந்தவை சரக்குப் பெட்டி செய்யும் பலகைத் துண்டுகள், அவையும் உளுத்திருந்தன. கடைக்காரரோ, "இஃது எங்கள் பொருளே அன்று" என்றார். வரியை மிச்சப்படுத்தப் போய் உரிமையை இழந்தேன். தவறு அவருடையது மட்டுமன்று, என்னுடையதும் ஆகும்.

மறைந்திருக்கும் பொருளால் பெருங்கேடும் விளைந்ததுண்டு. 1979 மே 8ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு பெருங்கடையில் அடுக்கி வைத்திருந்த நுரைப்பஞ்சு இருக்கைகள் தீப்பற்றின. நச்சுப்புகை பரவிப் பத்துப் பேர் மாண்டனர். இத்தகைய தீ விபத்துகளின் விளைவாக, மெத்தையிருக்கைகள் எளிதில் தீப்பற்றாதிருக்க வேண்டுமென 1988இல் அந்நாடு விதி வகுத்தது.

நம் நாட்டில் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, வாங்குவோனே விழித்திருக்க வேண்டும் என்ற கொள்கையைத் தழுவியது. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஆயினும் விற்பவர் தொழில் நடத்துமிடத்திலோ, வழக்குக்குரிய காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட இயலும். எல்லையோர மக்களுக்கு இஃது ஒரு சுமை. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்து அச்சுமையை இறக்கியது. பெங்களூரில் வாங்கியவரும் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஐந்து இலட்ச ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமும் இல்லை. குறையுள்ள பொருளால் காயம் நேர்ந்தால் உற்பத்தியாளரிடம் இழப்பீடு கோரலாம். சில நிலைகளில் விற்றவரும் பொறுப்பாவார்.

எனவே, மாணவர்களே, வீட்டிற்குச் சோபா வாங்கப் பெரியோர் புறப்பட்டால் நீங்களும் உடன் செல்லுங்கள். ஒரு முனையைச் சற்றே தூக்கிப் பாருங்கள். சட்டம் முறுகினாலோ முனகினாலோ வேண்டா. அடித்துணியை விலக்கி மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மரம் எது, நுரைப்பஞ்சின் அடர்த்தி எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பனவற்றை ரசீதில் எழுதித் தருமாறு கேளுங்கள். வாயால் சொன்னதைக் கையால் எழுதித் தரத் தயங்காதவரே நம்பத்தக்க வணிகர்.

என் அன்னையார் அதன்பின் சோபாவில் அமர்ந்ததே இல்லை. அந்தப் பாடம் உங்கள் வீட்டிற்கு வேண்டா.