நாலு லாரிக்கு சாஃப்ட்வேர் வாங்கப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்க

நாமக்கல், சங்ககிரி பக்கம் நாலைந்து லாரி வைத்திருக்கும் பலருக்கு டிரிப் கணக்கும் டிரைவர் அட்வான்ஸும் இன்னும் நோட்டிலும் வாட்ஸ்அப்பிலும்தான். சாஃப்ட்வேர் விசாரித்தால், பல கம்பெனிகள் போனில் விலையே சொல்வதில்லை. ‘முதல்ல டெமோ பாருங்க சார்’ என்பார்கள். டெமோவில் மேப்பில் லாரி அழகாக நகரும். கேட்க வேண்டியது வேறு.

வழியில் லாரி பிரேக்டவுன் ஆகி லோடை வேறு வண்டிக்கு மாற்றினால், இ-வே பில்லின் பகுதி பி-யில் புது வண்டி நம்பரை ஏற்றியாக வேண்டும். சாதாரண சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள்தான் கெடு. அது முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம். கோட்டை விட்டால் சோதனையில் வண்டி நிற்கும். வரியைப் போல இரு மடங்கு அபராதம் வரை போகும். ராத்திரி 2 மணிக்கு டிரைவர் கூப்பிட்டால் இதை மொபைலிலேயே முடிக்க முடியுமா? டெமோவிலேயே செய்து காட்டச் சொல்லுங்க.

வண்டிக்கு மாதம் இவ்வளவு என்பதில் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டா, நிற்கும் வண்டிக்கும் கட்டணமா, பாதியில் விட்டால் பழைய கணக்கை எக்செல்லில் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கணும்.