கூச்சத்தை விரட்டிய கூத்து

கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போகும் நம்ம பொடியன்களிடம் "ஊர் எங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பல பேர் "அவிசாவளைப் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். யட்டியாந்தோட்டை என்று சொன்னால் அடுத்து தோட்டத்தின் பெயரையும் சொல்ல வேண்டி வருமே! "தோட்டக்காட்டான்" என்ற ஒற்றைச் சொல் எத்தனை தலைமுறையின் வாயை அடைத்திருக்கிறது!

இந்தக் கூச்சம் பிறவிக் குணம் இல்லை. வரலாறு ஏற்றிவைத்த சுமை. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். 1977இலும் 1981இலும் நடந்த வன்முறைகள் சப்ரகமுவத் தோட்டங்களையும் விடவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கிடக்கும் லயங்களில், சத்தமில்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று பெரியவர்கள் நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

ஆனால் அதே மக்கள் தொண்டை கிழியப் பாடிய இடமும் ஒன்று உண்டு. அதுதான் காமன் கூத்து. மாசி மாதத்தில் கம்பம் நட்டு, காப்புக் கட்டி, விரதம் இருந்து, விடிய விடிய ஆடுவார்கள். பகலில் கவ்வாத்து வெட்டியவரும் றப்பர் பால் எடுத்தவரும்தான் இரவில் மன்மதனும் யமனும் வீரபத்திரனும். பிரட்டுக்களத்தில் துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் தலை குனிந்து நின்றவர், ரதி வேஷம் கட்டி, புருஷனை எரித்த சிவனிடமே நியாயம் கேட்பார். ஒரு தோட்டமே பார்த்திருக்க சிவனைக் கேள்வி கேட்டுப் பழகிய குரல், மற்ற இடங்களில் மட்டும் அடங்கியே கிடக்குமா?

பாட்டின் இந்தப் பலத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர்கள் கோ. நடேசய்யரும் அவருடைய மனைவி மீனாட்சியம்மையும். நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார். கூட்டங்களில் மீனாட்சியம்மை, சனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் அவர்களுடைய கஷ்டத்தையே பாட்டாகப் பாடினார். 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு புத்தகமாகவும் வந்தன. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் மெட்டு மனப்பாடம் ஆகும். கூட்டம் கலைந்த பிறகும் பாட்டு லயத்துக்குள் போய்விடும். 1947இல் தலவாக்கலையில் இருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளையும் தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். நம்ம அப்பாயிகள் பாடியதும் புத்தகமாகத் தகும் என்று அவர் காட்டினார்.

சரி, பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வருகிறோமா? இல்லை. ரதியாக ஆடியவரும் ஆண்தான்; பெண்பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். தப்பு அடிக்கும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, அந்தச் சத்தத்துக்கு ஆடியவர்களே அடித்தவரைத் தள்ளியும் வைத்தார்கள். ஒருத்தருக்குத் தைரியம் கொடுத்த கலை இன்னொருத்தரைக் குனிய வைத்தது. இதைப் பேசாமல் "பாரம்பரியம்" என்று பெருமை அடிப்பதில் அர்த்தமில்லை.

இதை மாற்ற முடியும். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் தலித் இளம்பெண்கள் பறையைத் தோளில் மாட்டி மேடை ஏறினார்கள். இழிவு என்று ஒதுக்கப்பட்ட கருவி அவர்கள் கையில் மரியாதையைக் கேட்டு வாங்கும் கருவியானது. இங்கேயும் 2023 ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, முன்னோர் வந்த வழியே தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். ஒளித்து வைத்த கதை அன்றைக்கு நடுரோட்டில் நடந்தது.

நம்ம பக்கத்தில் என்ன செய்யலாம்? கூத்துப் பாட்டுத் தெரிந்த தாத்தாமார் இன்னும் இருக்கும்போதே போனில் பதிந்து வைப்போம். தப்பை யார் வேண்டுமானாலும் பழகட்டும். ரதி வேஷத்தை ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுப்போம். தன்னம்பிக்கை பற்றி மூன்று நாள் வகுப்பு எடுத்துச் சான்றிதழ் கொடுப்பதை விட, தன் தோட்டத்துச் சனத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி குரலெடுத்துப் பாட வைப்பது அந்தப் பிள்ளைக்குள் ஆழமாக நிற்கும்.