கீரிமலையிலிருந்து எந்தப் பல்கலைக்கழகத்துக்கு?

கீரிமலைக் கேணியில் நீராடுவோருக்கு அவ்வூரின் கதை தெரியும். குதிரை முகங்கொண்ட சோழ இளவரசி இங்கே நீராடிப் பிணி நீங்கினாள். அருகே மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோயில் எடுத்தாள். இதை எழுத்தில் நிறுத்திய யாழ்ப்பாண வைபவமாலையோ, ஒல்லாந்தர் ஆண்ட 18ஆம் நூற்றாண்டின் நூல். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இம்மண்ணில் மெய்யாக நடந்தது என்ன என்று கேட்கும் மாணவி எங்கே சென்று படிப்பது?

ஒரு காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. 1921இல் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, மாணவரை இலண்டன் பட்டத்துக்கே ஆயத்தம் செய்தது. வடக்கின் பழமையைத் தேடியவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தனர். முதலியார் இராசநாயகம் அரசாங்க உத்தியோகத்தர். சுவாமி ஞானப்பிரகாசர் கத்தோலிக்கத் துறவி. 1926இலும் 1928இலும் வெளிவந்த அவர்களுடைய நூல்களோடு நாம் எத்தனை முரண்பட்டாலும், வழி வெட்டியவர்கள் அவர்களே.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்கே கற்ற கா. இந்திரபாலா, 1963இல் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றி எழுதினார். அது முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளைக் காக்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிய கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்காயின் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் தன் வணிக நீதியைத் தமிழில் கல்லிற் பொறித்திருக்கிறான்! இன்றைய இனப்பகையை 12ஆம் நூற்றாண்டின் தலையில் ஏற்றுவோர் இக்கல்லின் முன் சற்று நின்று பார்க்கட்டும்.

அதே இந்திரபாலா, இலங்கையில் தமிழ்க் குடியேற்றங்கள் பற்றி 1965இல் இலண்டனுக்கு அளித்த ஆய்வேட்டின் முடிவுகள் பலவற்றை, 2005இல் வெளியிட்ட நூலில் தாமே மாற்றிக்கொண்டார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தன் கூற்றைத் தானே திருத்தும் துணிவைக் கற்பிக்கும் துறையையே மாணவி தேட வேண்டும். கட்டிடத்தின் கம்பீரம் பிறகு.

1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி வளவில், கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் எழுந்தது. கீரிமலையிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இது சிறிய காரியமன்று. 1981இல் பொது நூலகத்தை எரித்தவர்களும் 1990இல் கீரிமலை மக்களை ஊரைவிட்டு விரட்டிய யுத்தமும் அழித்தவற்றுக்கு அருகிலிருந்தே வரலாறு படிப்பதற்கும் ஓர் அர்த்தம் உண்டு.

ஆனாலும் அவள் விருப்ப வரிசையில் பேராதனையை முதலில் எழுதினால் நான் தடுக்கமாட்டேன். ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைப் பாடும் கொட்டகமக் கல்வெட்டு கிடைத்தது கேகாலைப் பகுதியில். யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரயாவைப் போற்றும் கோகில சந்தேசய சிங்கள நூல். சிங்களம் அறியாமல் யாழ்ப்பாண அரசின் வரலாற்றைப் பாதிதான் படிக்கலாம்; சிங்கள நண்பர்களோடு ஒரே விடுதியில் உண்டு உறங்கிப் படித்தால் அம்மொழி விரைவில் வசப்படும்.

எங்கே சேர்ந்தாலும் அவள் கொண்டுசெல்ல வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இளவரசி எடுத்ததாகச் சொல்லும் அதே மாவிட்டபுரக் கோயிலின் வாசலில், 1968இல் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமை கேட்டுப் போராடினார்கள். கோயிலுக்கு மண் சுமந்த அவர்களுடைய முன்னோர் வைபவமாலையில் எங்கே இருக்கிறார்கள்? வரியும் ஊழியமும் அறவிடுவதற்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிய தோம்புகளில், அவர்கள் தலைக்கணக்காகவாவது அகப்படக்கூடும். அவற்றை வாசிக்க அந்த மொழிகளும் வேண்டும்.