மாத்தளைப் பாதையும் மரபணுச் சான்றும்

19 ஆம் நூற்றாண்டிலே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களை நாடி வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளைக் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் நோயால் மாண்டோர் பலர். அவர்தம் பெயரை எழுதிவைப்பார் இலர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, அவர்தம் வழித்தோன்றல்களிடம் முன்னோர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. காட்டவியலாதோர் நாடற்றோராயினர், எஞ்சியோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தீர்வு கிட்டிற்று.

இன்று சிறிதளவு உமிழ்நீரைக் கொண்டே மரபணுவை ஆராய்கின்றனர். அதில் ஒரு கூறு தாயிடமிருந்து மக்களுக்கும், வேறொன்று தந்தையிடமிருந்து மகனுக்கும் பெரிதும் மாறாது இறங்குகின்றது. கடலுக்கப்பால் வாழும் உறவினரும் இச்சோதனை செய்திருப்பின், அறுந்த உறவு புலனாகக்கூடும். ஆயினும், பூர்வீக ஊரின் பெயரை மரபணு உரைக்காது. அது பாட்டியின் நினைவிலன்றோ உளது! அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் நம் கடன்.