வயிற்றுக் கட்டும் நாற்பது நாளும்

மைசூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பேறுகாலம் நெருங்கியதும் வீட்டின் மூத்த பெண்மணிகள் பழைய நூல் வேட்டி ஒன்றையோ, நைந்து மெத்தென்றான புடைவை ஒன்றையோ தேடி எடுத்து, துவைத்து, வெயிலில் உலர்த்தி மடித்து வைப்பதுண்டு. பிள்ளை பெற்றவளின் வயிற்றைச் சுற்றிக் கட்டுவதற்கே அத்துணி. அண்டை வீட்டுக் கன்னடப் பாட்டிமாரும் இதையே செய்வர். கடல் கடந்து மலாய் நாட்டிலும் ஜாவாவிலும் இவ்வழக்கம் வேறு பெயர்களில் உண்டு. பல மொழி பேசும் மக்களிடையே இஃது எவ்வாறு நிலைபெற்றது? அதனால் விளைந்த நன்மை யாது? தாய்வீட்டை விட்டுத் தொலைவில் வாழும் நாம் அதில் எதைக் காத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம்? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சொல்லில் தொடங்குவதே இயல்பு. பிள்ளை பெற்றவளைக் கன்னடத்தார் ‘பாணந்தி’ என்பர். அவளைப் பேணும் காலத்தையும் பணியையும் சேர்த்து ‘பாணந்தன’ என்பர். பேறு பார்க்கும் மருத்துவச்சி அவர்களுக்குச் ‘சூலகித்தி’. தமிழில் கருவைக் குறிக்கும் ‘சூல்’ என்னும் சொல்லே அதிலும் நிற்கிறது. ஈன்ற அணிமையை நம் பழந்தமிழர் ‘புனிறு’ என்றனர். இன்றும் நம் வீடுகளில் ‘பச்சை உடம்பு’ என்று சொல்லுகிறோம். புண் ஆறாத, பதம் முற்றாத உடல் என்பதே அதன் பொருள். இச்சொற்கள் யாவும் ஒன்றையே உணர்த்துகின்றன: குழந்தை பிறந்ததோடு பேறு முடிந்துவிடுவதில்லை, அதன்பின்னும் தாய் சில காலம் ஒரு தனி நிலையில் இருக்கிறாள்.

இனி நூல்களைக் காண்போம். ஆயுர்வேதத்தின் மூல நூல்களுள் ஒன்றான சரக சங்கிதை, சாரீர ஸ்தானத்தின் எட்டாம் அத்தியாயத்தில் இவ்வழக்கத்தைத் தெளிவாகக் கூறுகிறது. பிரசவித்த பெண்ணுக்குத் திப்பிலி, சுக்கு முதலியவற்றின் பொடி சேர்த்த நெய்யையோ எண்ணெயையோ அவள் செரிக்கும் அளவிற்கு அருந்தக் கொடுக்க வேண்டும். பின்னர் வயிற்றில் நெய்யும் எண்ணெயும் தடவி, பெரியதும் தூயதுமான துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். காரணத்தையும் அந்நூலே தருகிறது: கட்டினால் வயிற்றில் வெற்றிடம் இராது, இடமின்மையால் வாயு அங்குப் புகுந்து கேடு விளைவிக்காது. கரு நிறைந்திருந்த வயிறு ஒரே நாளில் காலியாகித் தளர்ந்து தொங்குவதைக் கண்ட பண்டை மருத்துவர், தம் காலத்து அறிவுக்கு எட்டிய விளக்கத்தைத் தந்தனர். அதே இடத்தில் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. கருவை வளர்த்ததாலும், பேற்று வலியாலும், குருதி இழப்பாலும் உடல் வற்றியிருக்கும் இக்காலத்தில் வரும் நோய் எளிதில் தீராது. ஆகவே அவளை மிகவும் கருத்தாகப் பேண வேண்டும் என்பதே அது. சுசுருத சங்கிதையோ, இவ்வாறு ஒன்றரை மாதம் பேணப்பட்ட பின்னரே அவள் ‘சூதிகை’ என்னும் பெயர் நீங்கி, வழக்கமான உணவுக்கும் நடைமுறைக்கும் திரும்பலாம் என்கிறது. மைசூரில் 1908-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அரசினர் ஆயுர்வேதக் கல்லூரி வழியாக இம்மரபு இந்நகரின் கல்வியிலும் இடம்பெற்றது.

தமிழ் இலக்கியத்தில் இதற்குச் சான்று உண்டா எனின், நற்றிணையின் நாற்பதாம் பாட்டு நினைவிற்கு வருகிறது. மனையில் மணி ஒலிக்கிறது. மணல் பரப்பிய பந்தரில் காவல் இருக்கிறது. மென்மையான துணி விரித்த படுக்கையில் செவிலியோடு குழந்தை உறங்குகிறது. வெண்சிறுகடுகு அணிந்து, நெய்யாடி, உடல் தளர்ந்த தாய் கண்ணயர்ந்திருக்கிறாள். வயிற்றுக் கட்டு அப்பாட்டில் பேசப்படவில்லை. ஆனால் நெய்யும் துணியும் காவலும் துணையும் உறக்கமும் அங்கே உள்ளன. குழந்தையை மற்றொருத்தி பார்த்துக்கொள்ள, தாய் உறங்குகிறாள் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏட்டில் இருந்த இந்நெறியை வீட்டில் நடத்தியவர்கள் மருத்துவச்சிகளும் குடும்பத்து மூதாட்டிகளுமே. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில், மருத்துவர் என்றே வழங்கப்பெற்ற நாவிதர் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பேறு பார்த்து வந்தனர். கன்னட நாட்டில் சூலகித்திகள் அப்பணியைச் செய்தனர். துமகூரு மாவட்டத்துப் பாவகட வட்டாரத்தைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மா பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பேறுகளைப் பார்த்தவர் என்று போற்றப்பெற்றவர். பள்ளிப் படிப்பில்லாத அம்மூதாட்டிக்கு 2018-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது; அவ்வாண்டு டிசம்பரில் தம் 98-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இத்தகையோர் செய்த பணியின் முறை தமிழருக்கும் கன்னடருக்கும் ஏறக்குறைய ஒன்றே. எண்ணெய் தேய்த்தல், வெந்நீர் வார்த்தல், சாம்பிராணிப் புகை காட்டுதல், பின்பு வயிற்றைக் கட்டிப் படுக்க வைத்தல், பிரசவ லேகியமும் பூண்டும் மிளகும் சேர்ந்த பத்திய உணவும் அளித்தல் என்று ஒவ்வொரு நாளும் கழியும். இடுப்பின் கீழிருந்து தொடங்கி, மேல்நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, ஓரத்தைச் செருகிவிடுவர். முடிச்சிட்டால் படுக்கையில் உறுத்தும். புதுத்துணி விறைப்பாக நின்று தோலை அறுக்கும் என்பதாலேயே பழந்துணியைத் தேர்ந்தனர்.

தமிழர் பிழைப்புத் தேடிச் சென்ற மலாய் நாட்டிலும் இக்கலை வேரூன்றியிருந்தது. அங்கே அதற்குப் ‘பெங்குங்’ என்று பெயர். பல கெஜ நீளமுள்ள துணியை, இடுப்பு முதல் மார்பின் கீழ்வரை வயிற்றின்மேல் மாறி மாறி இழுத்துச் சுற்றுவர். ‘மாக் பீடான்’ எனப்படும் மருத்துவச்சி, சூடேற்றிய கல்லைத் துணியில் பொதிந்து வயிற்றில் ஒற்றடமிடுவாள், உடலைப் பிடித்துவிடுவாள். இக்கட்டுப்பாட்டுக் காலத்திற்குப் ‘பந்தாங்’ என்று பெயர். அது 40 நாளோ 44 நாளோ நீடிக்கும். பேற்றினால் உடல் சூட்டை இழந்து குளிர்கிறது, காற்று உட்புகுகிறது என்னும் கருத்தே அங்கும் அடிப்படை. ஜாவாவில் பெண்கள் ‘ஸ்தாகென்’ என்னும் நீண்ட இடைக்கச்சையைச் சுற்றிக்கொள்வர்.

இவ்வொற்றுமையைக் கண்டதும், நம் நாட்டிலிருந்தே இது அங்குச் சென்றது என்று பெருமை கொள்ளத் தோன்றும். ஆயினும் அவ்வாறு முடிவு கட்டுதல் பொருந்தாது. நம்மோடு தொடர்பே இல்லாத மெக்ஸிகோ நாட்டிலும் பேறுற்ற பெண்ணுக்கு இடைக்கச்சை கட்டும் வழக்கம் உண்டு. இங்கிலாந்திலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை தாதியர் அகலமான துணிக் கச்சையைக் கட்டி வந்தனர். தளர்ந்த வயிற்றைத் தாங்கிப் பிடிக்க ஒரு துணி வேண்டும் என்பது, தாய்மார் இருந்த இடமெங்கும் தோன்றக்கூடிய எண்ணமே.

புதிய மருத்துவம் மைசூருக்கு வந்தபோது இப்பழைய நெறி சோதனைக்கு உள்ளாயிற்று. 1906-ஆம் ஆண்டில் வெஸ்லியன் சங்கத்தார் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை இங்கு நிறுவினர். 1924-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற மைசூர் மருத்துவக் கல்லூரி 1930-இல் இந்நகருக்கு மாற்றப்பட்டது. அக்கல்லூரியைச் சார்ந்த செலுவாம்பா மருத்துவமனை, இவ்வட்டாரத்துத் தாய்மார் பலரும் நாடும் இடமாயிற்று. அதே 1930-இல் மைசூர் அரசு தன் மருத்துவமனைகளில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. ஓர் அரசு தானே முன்வந்து அவ்வாறு செய்தது உலகிலேயே அதுதான் முதன்முறை என்பர். அடுத்தடுத்த பேறுகளால் தாயின் உடல் தேய்கிறது என்பதை ஓர் அரசு உணர்ந்ததற்கு அஃது அடையாளம்.

புதிய மருத்துவம் பழைய வழக்கங்களில் சிலவற்றைக் கண்டித்தது சரியே. காற்றோட்டமில்லாத இருட்டறை, கண்ணும் மூச்சும் எரியும்படியான புகை, தாகத்திற்குத் தண்ணீர் கொடுக்க மறுத்தல் ஆகியவை தாய்க்கும் சேய்க்கும் தீங்கானவை. எழுந்து நடவாமல் படுத்தே கிடந்தால் கால் நரம்புகளில் குருதி உறையும் அபாயமும் மிகும். தூய்மையற்ற கைகளாலும் கருவிகளாலும் எண்ணற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு இறந்தனர் என்பதையும் மறத்தற்கில்லை.

வயிற்றுக் கட்டைப் பற்றி இன்றைய மருத்துவம் கூறுவது யாது? பேறு முடிந்தவுடன் கருப்பை ஏறக்குறைய ஒரு கிலோ எடை உடையதாய் இருக்கும். தன் தசைகளின் சுருக்கத்தால் நாளுக்கு நாள் சிறுத்து, இரண்டு வாரங்களில் இடுப்புக்கூட்டினுள் இறங்கிவிடும். ஆறு வாரங்களில் நூறு கிராமுக்கும் குறைவாகிவிடும். குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் நீர் அச்சுருக்கத்திற்குத் துணை செய்கிறது. ஆகவே கருப்பையைச் சுருக்குவது துணி அன்று. பிரிந்து நிற்கும் வயிற்றுத் தசைகளையும் துணி மட்டுமே ஒன்றுசேர்த்துவிடாது. அதற்குக் காலமும், மருத்துவர் சொல்லும் எளிய பயிற்சிகளும் வேண்டும். எனினும் தளர்ந்த வயிற்றிற்கும் முதுகிற்கும் கட்டு ஒரு தாங்குதலைத் தருகிறது. அறுவையால் பிள்ளை பெற்றோருக்கு எழுந்து நடக்கையில் வலி குறைவதாகச் சில ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. இறுக்கிக் கட்டினாலோ, மூச்சுத் திணறும். கீழ்நோக்கிய அழுத்தத்தால் இடுப்புத் தளத் தசைகள் நலிவுறும். அறுவைப் புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் கட்டிக்கொள்ளுதல் ஆகாது.

அப்படியாயின் இரண்டாயிரம் ஆண்டு மரபு வீண்தானோ? அவ்வாறு கொள்ள வேண்டுவதில்லை. இத்துணியைப் பிள்ளை பெற்றவள் தானே ஒழுங்காகச் சுற்றிக்கொள்வது அரிது. சுற்றுவதற்கு இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கை காலையில் ஒருமுறை அவிழ்த்துக் குளிப்பாட்டி, மீண்டும் கட்டும். அப்போது உடம்பு சுடுகிறதா, உதிரப்போக்கு மிகுதியா, முகம் வாடியிருக்கிறதா, காரணமின்றி அழுகிறாளா என்பதெல்லாம் அக்கண்களுக்குத் தெரிந்துவிடும். வயிறு கட்டப்பட்டவள் குடம் தூக்கவும் உரலில் இடிக்கவும் இயலாது என்பது வீட்டார் அனைவருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. துணி செய்த பெரிய வேலை இதுவே: அவளுக்கு ஓய்வையும், நாள்தோறும் தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதத் துணையையும் அது உறுதிப்படுத்தியது.

இந்த ஓய்வு எல்லாப் பெண்களுக்கும் கிட்டியதில்லை. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பங்களில், தொட்டில் ஆடத் தொடங்குமுன் தாய் வயலுக்கோ ஆலைக்கோ சென்றாள். நாற்பது நாள் என்பது வசதி உள்ள வீட்டின் சலுகையாகவே நெடுங்காலம் இருந்தது. 1919-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் நிறுவனம், பேற்றுக்குப் பின் ஆறு வாரங்கள் பெண்ணை வேலையில் அமர்த்தலாகாது என்று தன் உடன்படிக்கையில் வகுத்தது. பம்பாய் மாகாணத்தில் 1929-ஆம் ஆண்டுச் சட்டமும், சென்னை மாகாணத்தில் 1934-ஆம் ஆண்டுச் சட்டமும் இத்துறையில் முன்னோடிகள். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் அந்த ஆறு வார விதியை நாடு முழுமைக்கும் கொணர்ந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதிகள் இடம்பெற்றன. சுசுருதர் சொன்ன ஒன்றரை மாதமும், நம் பாட்டிமார் எண்ணிய நாற்பது நாளும், கருப்பை தன் நிலைக்குத் திரும்பும் ஆறு வாரமும், சட்டம் வகுத்த ஆறு வாரமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்திருப்பது வியத்தற்குரியது. ஆயினும் வீட்டு வேலை செய்வோர், கட்டட வேலைக்குச் செல்வோர் போன்ற பெண்களுக்கு இச்சட்டங்களின் பயன் எளிதில் எட்டுவதில்லை.

இனி நம் நிலைக்கு வருவோம். தலைப்பேற்றிற்குத் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கம். ஆனால் பிற மாநிலங்களில் வேலை பார்க்கும் குடும்பங்களில் அது எப்போதும் கூடுவதில்லை. தாயார் ஊரில் நோயுற்றிருக்கலாம். மாமியாருக்கு மூப்பு வந்திருக்கலாம். கணவருக்கு விடுப்புக் கிடைக்காமற் போகலாம். அக்குறையை ஈடுசெய்ய, மருந்துக்கடையிலிருந்து ஒட்டுப்பட்டையுடன் கூடிய பெல்ட்டு ஒன்று வாங்கி வரப்படுகிறது. அதை ஒருவர் தாமே மாட்டிக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கவும் செய்யலாம். கட்டு வந்துவிட்டது, கட்டிய கை மட்டும் வரவில்லை. வயிறு சிறுக்கவில்லையே என்று அவள் அப்பட்டையை மேலும் மேலும் இறுக்குகிறாள். தன்னை யாரும் கேட்கவில்லையே என்னும் உள்ளத்துச் சோர்வை அது எவ்வாறு தீர்க்கும்?

ஆதலின் அன்பர்களே, நாம் காக்க வேண்டியது இன்னதென்று தெளியலாம். மெல்லிய துணியை, மூச்சு தடைப்படாதவாறு, தாய் விரும்பினால் கட்டலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம். உதிரப்போக்கு மிகுந்தாலும், காய்ச்சலோ துர்நாற்றமோ கண்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், கடுந்தலைவலி வந்தாலும் லேகியத்தை நம்பியிராது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாக, அவளருகில் ஆறு வாரமேனும் ஒரு துணை இருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தாய் வர இயலாத வீட்டில் கணவரே வெந்நீர் வைக்கலாம். குழந்தையைத் தாம் ஏந்திக்கொண்டு அவளை உறங்கச் சொல்லலாம். நம் தெருவிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் முறைவைத்துப் பத்தியச் சோறு கொண்டு கொடுக்கலாம். எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டியை ‘அஜ்ஜி’ என்றழைத்து உதவி கேட்டால், பாணந்தியைப் பேண வர மறுப்பவர் அரியர். பிறந்த ஊர் தொலைவில் இருப்பினும், பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீடு ஒன்றை நாம் வாழும் தெருவிலேயே அமைத்துத் தருதல் நம்மால் இயலும்.