கல் நடாத இடம்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நடும் வழக்கத்தைத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படியாக வகுத்தார். தக்க கல்லைத் தேடிக் காண்பதே அவற்றுள் முதலாவதான காட்சி. கண்ணகிக்குக் கல் வேண்டிச் சேரன் செங்குட்டுவன் இமயம் வரை போனான் என்று சிலப்பதிகாரம் கூறுவதிலிருந்து, அந்த முதற் படிக்கே முன்னோர் எத்தனை பிரயாசை எடுத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும். அதே சேரநாட்டின் தென்பகுதியில், திருவனந்தபுரத்துத் தம்பானூர் இரயில் நிலைய வாசலில், ஒரு மாலைப் பொழுதில் மூன்று மாணவிகளும் ஒரு மாணவனும் கைப்பேசியை முக்காலியில் பூட்டி, நோட்டுப் புத்தகத்தில் 'காட்சி 1' என்று எழுதி வைத்துக்கொண்டு நிற்கக் கண்டபோது, அந்தப் பழஞ்சொல் எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தன் இடத்துக்கே வந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது.

சரித்திர பாடத்துக்காக ஒரு நினைவுச் சின்னத்தைப் பற்றி ஐந்து நிமிஷப் படம் எடுத்துத் தரவேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட வேலை. எடுத்துக்கொண்ட விஷயம் அக்கம்மா செறியானின் சிலை. அது வெள்ளயம்பலத்தில் அல்லவோ இருக்கிறது, இங்கே என்ன வேலை என்று கேட்டேன். சாலைக் கடைத்தெருப் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி, "சிலை அங்கேதான் சார் இருக்கு. ஆனா ஜாதா கிளம்பினது இங்கேயிருந்துதானே?" என்றாள். எனக்குப் பதில் இல்லை.

1938-ஆம் வருஷம் திருவிதாங்கூரில் பொறுப்பாட்சி கோரி எழுந்த ஸ்டேட் காங்கிரஸ் சட்டவிரோத ஸ்தாபனமாகத் தடைசெய்யப்பட்டு, அதன் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறைக்குப் போய், ஆகஸ்டு 31-ஆம் தேதி நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடும் நடந்து முடிந்திருந்த நிலையில், தலைமையாசிரியைப் பதவியைத் துறந்து வந்த இருபத்தொன்பது வயதுப் பெண்மணி ஒருவரிடம் அந்த இயக்கத்தின் தலைமை வந்து சேர்ந்தது. காஞ்சிரப்பள்ளியில் 1909-இல் பிறந்த அக்கம்மா செறியானே அவர். அக்டோபர் 23-ஆம் தேதி இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனையை நோக்கி அவர் பின்னே ஜாதாவாக, அதாவது ஊர்வலமாக, நடந்தார்கள். தடையை நீக்கவேண்டும், திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரை விலக்கவேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். (அந்தத் திவான் தமிழ்நாட்டிலிருந்து போனவர் என்பதை நம்மவர் சௌகரியமாக மறந்துவிடுவதுண்டு.) வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சுடும்படி ஆணையிட்டபோது, தலைவி நான், மற்றவர்களைக் கொல்லுமுன் என்னைச் சுடுங்கள் என்ற கருத்துப்பட அவர் முன்வந்து நின்றதும், அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டதும் பிரசித்தம். திருவிதாங்கூரின் ஜான்சி ராணி என்று காந்தியடிகள் அவரைப் பாராட்டினார்.

இரயில் பாதை 1918-இல் கொல்லத்திலிருந்து இந்நகரின் ஓரம் வரைதான் வந்து நின்றது. தம்பானூருக்கு நீட்டப்பட்டது 1931-இல். ஆகவே அந்த ஜனத்திரள் கூடியபோது கருங்கல்லாலான இந்த நிலையத்துக்கு வயது ஏழு. இன்று எதிரே பஸ் நிலையமும், லாரி பேக்கர் செங்கல்லால் சங்குச் சுழிபோல் எழுப்பிய காப்பி ஹவுஸும், ஆட்டோக்களின் ஓயாத சத்தமும். 1938-ஐ நினைவூட்டும் கல் எதுவும் என் கண்ணில் படவில்லை. மாணவர்களுடைய இடர்ப்பாடும் இதுவே: சிலையைப் படம்பிடிக்கச் சிலை இருக்கிறது, இடத்தைப் படம்பிடிக்கப் போக்குவரத்துதான் இருக்கிறது. பையன் வர்ணனையைத் தொடங்கும்போதெல்லாம் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஐந்தாம் முறையும் அது நேர்ந்தபோது அவன், "இதையும் வெச்சுக்கலாம், இன்னிக்குத் தம்பானூர் இதுதானே" என்றான். அந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது.

பிள்ளைகள் படமெடுக்கும் இவ்வித்தை இந்நகரத்தில் புதிதன்று. 2005 ஜூலை 28-இல் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ் கல்வி அலைவரிசையும், 2018-இல் அரசுப் பள்ளிகளில் ஆரம்பமான லிட்டில் கைட்ஸ் சங்கங்களும் பிள்ளைகளைக் காமிராவோடு பழக்கியிருக்கின்றன. நாங்கள் நின்ற இடத்திலிருந்து சில நிமிஷ நடையில் உள்ள கைரளி, ஸ்ரீ, நிளா என்னும் மூன்று அரங்குகளில், ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமாக 2008-இல் தொடங்கிய ஒரு சர்வதேச விழாவைக் கேரள சலச்சித்திர அக்காதமி நடத்தி வருகிறது.

காமிரா இல்லாமலே பழஞ்சரித்திரத்தைத் தேடும் இப்பணியைச் செய்தவர் ஒருவரும் இங்கே இருந்தார். மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை, மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்த நேரம் போக மிச்ச நேரத்தில் வட்டெழுத்துச் சாசனங்களை ஆராய்ந்து, அவற்றைக் கொண்டே திருவிதாங்கூரின் பண்டை மன்னர் சிலருடைய காலத்தை வரையறுத்து 1894-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவருக்குக் கல் இருந்தது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லாதிருந்தது. இந்த நால்வருடைய நிலை அதற்கு நேர் மாறு.

இருட்டுமுன் சிலையையும் எடுத்துவிட வேண்டுமென்று அவர்கள் பஸ் ஏறினார்கள், நானும் ஏறினேன். ஜாதா போன வழியை ஜன்னலோரமிருந்து படம்பிடித்துக்கொண்டே போகலாம் என்பது அந்தப் பெண்ணின் யோசனை. அவளே நடத்துநரிடம் பணத்தை நீட்டி, "ஸ்டாச்சு, நாலு" என்றாள். அவள் மனத்தில் இருந்தது அக்கம்மாவின் சிலை. ஆனால் இவ்வூரில் ஸ்டாச்சு என்றால் தலைமைச் செயலகத்தின் எதிரே நிற்கும் கும்பகோணத்துக்காரர், 1872 வரை திவானாக இருந்த சர் டி. மாதவராவ். அவருடைய பெயர் தேய்ந்து, அவர் சிலையாக நிற்கிறார் என்பது மட்டும் நிறுத்தத்தின் பெயராக நிலைத்துவிட்டது. நடத்துநர் அந்த நிறுத்தத்துக்கே நான்கு சீட்டுக் கொடுத்தார். அது வந்ததும் இறங்கச் சொல்லிக் குரலும் கொடுத்தார். வெள்ளயம்பலத்துக்கு இன்னும் பாதி வழிக்கு மேல் இருந்தது. பையன் கைப்பேசியை அணைக்காமலே இறங்கி, பெரிய தலைப்பாகையோடு நின்ற திவானைச் சிறிது நேரம் படம்பிடித்தான். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, 'காட்சி 2' என்று எழுதினான்.