மேடைக்குக் கீழே நின்றவர்கள்: பங்க் கச்சேரிகளின் இன்னொரு வரலாறு

பங்க் ரொக் என்றதும் எங்களுக்கு மேடைதான் ஞாபகம் வருகிறது. கூர்கூராக நிமிர்ந்த தலைமயிர், கிழிந்த ரீசேர்ட், மூன்று கோர்ட் தெரிந்தால் போதும் என்று வாசிக்கிற கிற்றார், மைக்கை விழுங்குகிற மாதிரிக் கத்துகிற பாடகர். ஆனால் அந்தக் கால வீடியோக்களை யூரியூப்பில் பார்த்தால், கமெரா தற்செயலாகக் கீழே திரும்புகிற கணங்களும் இருக்கின்றன. வியர்த்து வழிந்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து துள்ளிக்கொண்டிருக்கிற பெடியளும் பெட்டையளும். பதினாறு, பதினேழு வயசுதான் இருக்கும். நாங்கள் இங்கே கதைக்கப்போவது அவர்களைப் பற்றி. 1976 முதல் 1981 வரை இங்கிலாந்தில் ஒரு பங்க் கச்சேரிக்குப் போவதென்றால் என்ன? அந்தத் தரையில் யார் நிற்கலாம், யார் நிற்க ஏலாது?

1976 ஜூன் 4, வெள்ளிக்கிழமை. மன்செஸ்டரின் ஃப்ரீ ட்ரேட் ஹோல் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த சின்ன மண்டபத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடினார்கள். ரிக்கெற் 50 பென்ஸ். ஒழுங்குசெய்தவர்கள் ஹவார்ட் டெவோட்டோ, பீற் ஷெல்லி என்ற இரண்டு மாணவர்கள். அந்த வருசம் பெப்ரவரியில் ஒரு பத்திரிகை விமர்சனத்தை வாசித்துவிட்டு, தெற்கே போய் அந்தக் குழுவைப் பார்த்து, இதை எங்கட ஊருக்குக் கொண்டுவர வேணும் என்று முடிவெடுத்தவர்கள். தாங்களும் 'பஸ்கொக்ஸ்' என்ற பெயரில் அன்றைக்கு வாசிப்பதாகத்தான் திட்டம். ஆயத்தம் போதாமல் வேறொரு குழுவை இறக்கிவிட்டார்கள். வந்த ஆட்கள் ஏறக்குறைய நாற்பது பேர்.

பிறகு 'நானும் அங்க நிண்டனான்' என்று சொன்னவர்களைக் கூட்டினால் ஒரு கிரிக்கெட் மைதானமே நிறைந்துவிடும். டேவிட் நோலன் என்ற பத்திரிகையாளர் அன்றைக்கு உண்மையில் யார் யார் நின்றார்கள் என்று தேடி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். நிச்சயமாக நின்றவர்களில் ஒருவர் பீற்றர் ஹூக். அடுத்த நாளே அம்மாவிடம் 35 பவுண் கடன் வாங்கிக்கொண்டு போய் ஒரு பேஸ் கிற்றார் வாங்கினார். அதற்கு முதல் அவருக்கு வாசிக்கவே தெரியாது. அவரோடு கூடப்போன சிநேகிதன் பேர்னார்ட் சம்னர். இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் பிறகு ஜோய் டிவிஷன். மொறிஸியும் அங்கே நின்றார். தி ஸ்மித்ஸ் வருவதற்கு இன்னும் ஆறு வருசம் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஜூலை 3 அன்று, தெற்குக் கடற்கரையில் ஹேஸ்ரிங்ஸ் பாலத்து மண்டபத்தில் அதே குழு பாடியது. கூட்டம் இல்லை. வந்திருந்தவர்களில் ஒருத்திக்கு அன்றைக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள். மரியன் எலியட் அவளுடைய பெயர். அப்பா சோமாலியர், அம்மா வெள்ளைக்காரி. வீட்டுக்குப் போய், ஒன்றாகச் சேர்ந்து வாசிக்க இளம் பங்குகள் தேவை என்று இசைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். பொலி ஸ்ரைரீன் என்ற பெயரில் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவைத் தொடங்கினாள். பல்லுக்குக் கம்பி போட்டிருந்த ஒரு கலப்பினப் பெட்டை, அழகாகத் தெரியவேணும் என்ற கவலையே இல்லாமல் மேடையில் நின்று கத்தினாள்.

அதே ஜூலையில் மார்க் பெரி என்ற வங்கிக் கிளார்க் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற சின்னப் பத்திரிகையைத் தட்டச்சில் அடித்து, போட்டோகொப்பி எடுத்து, மூலையில் ஸ்ரேப்பிள் அடித்து விற்றார். எழுத்துப்பிழைகளைக் கையாலேயே வெட்டியிருந்தார். எழுதத் தெரியுமா என்று அவர் ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. (இப்படியான கூட்டு முயற்சிகளில் எழுதிக்கொண்டிருக்கிற எங்களுக்கு இவரில் ஒரு தனிப் பாசம் உண்டு.)

இவ்வளவும் பங்க் பற்றி எல்லோரும் சொல்லுகிற கதைதான். பார்க்கப் போனவன் கலைஞனாகத் திரும்பி வந்தான். நல்ல கதை, பொய்யும் இல்லை. ஆனால் அதே ஜூன் 4ஆம் திகதிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மன்செஸ்டரில் அந்த நாற்பது பேர் கூடிய அதே நாளில், லண்டனின் மேற்கே சௌதோலில், குர்திப் சிங் சகர் என்ற 18 வயது மாணவனை வெள்ளை இனவெறியர்கள் குத்திக் கொன்றார்கள். சௌதோல் பஞ்சாபிகள் நிறைய இருக்கிற இடம். அவனுடைய சாவுக்குப் பிறகுதான் அங்கத்தைய பெடியள் ஒன்றுசேர்ந்து சௌதோல் இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ரொக் வரலாற்றுப் புத்தகங்களில் முதலாவது சம்பவத்துக்குத் தனி அத்தியாயம் கிடைக்கும். இரண்டாவதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேணும். எங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வரலாறு. ஏனென்றால் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பு அல்லது ஆசியப் பெடியன் இரவில் கச்சேரிக்குப் போவதென்றால், மண்டபத்துக்குள் என்ன நடக்கும் என்பதை மட்டும் யோசித்தால் போதாது. கடைசி பஸ்ஸில் வீடு திரும்புவதையும் யோசிக்க வேணும்.

உள்ளேயும் பெரிய சொர்க்கம் ஒன்றும் இல்லை. கதிரைகள் கிடையாது. நம்மூர் விழாவில் முன்வரிசைக் கதிரை ஆருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே முன்வரிசை என்பது யார் தள்ளி முன்னுக்கு வந்தார்களோ அவர்களுடையது. நின்ற இடத்திலேயே மேலும் கீழும் துள்ளுகிற 'போகோ' ஆட்டம் இடமில்லாத கூட்டத்துக்கென்றே பிறந்தது மாதிரி. அதுவரைக்கும் நல்லது. அதோடு துப்பலும் வந்தது. பிடித்த குழுவுக்கு மேல் காறித் துப்புவது பாராட்டு என்று ஒரு விசர்ப் பழக்கம். 1978 தொடக்கத்தில் த க்ளாஷ் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரமர் மஞ்சட்காமாலையில் படுத்தார். யாரோ துப்பியது வாய்க்குள் போனதால்தான் என்று அவர் நம்பினார். 1976 செப்ரெம்பரில் லண்டன் 100 கிளப்பில் நடந்த பங்க் விழாவில் யாரோ எறிந்த கிளாஸ் ஒன்று தூணில் பட்டுச் சிதறி, பார்க்க வந்த ஒரு பெட்டைக்குக் கண் போனது. இதையெல்லாம் 'அந்தக் காலத்து வேகம்' என்று ரசித்து எழுதுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

அதைவிட மோசம் சுவஸ்திகா. பெரிசுகளை ஆத்திரப்படுத்தத்தான் போட்டோம், அரசியல் ஒன்றும் இல்லை என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நஷனல் ஃப்ரண்ட் என்ற நவநாசிக் கட்சி தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த நாட்டில், அந்தப் பட்டியைக் கையில் கட்டினவனுக்குப் பக்கத்தில் ஒரு யூதப் பெட்டையோ பாகிஸ்தான் பெடியனோ எப்படி நின்று துள்ளுவது?

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஒன்று நடந்தது. 1977 தொடக்கத்தில் லண்டன் கொவென்ற் கார்டனில் றொக்ஸி என்ற கிளப் பங்க்குக்கென்றே திறந்தது. அங்கே இசைத்தட்டுப் போட்டவர் டொன் லெற்ஸ், ஜமேய்க்கப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். போடுவதற்குப் பங்க் இசைத்தட்டுகள் அப்போது கைவிரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருந்தன. ஆகவே தன்னிடம் இருந்த றெகேயைப் போட்டார். குழுக்கள் மாறுகிற இடைவேளைகளில் வெள்ளைப் பெடியள் ஜமேய்க்க இசையைக் கேட்டுப் பழகினார்கள். க்ளாஷ் தங்கள் முதல் அல்பத்திலேயே ஒரு றெகே பாட்டைப் பாடினார்கள். ஒரு கொள்கையும் இல்லை, இசைத்தட்டுத் தட்டுப்பாடுதான் காரணம்.

கொள்கை வேறு வழியால் வந்தது. 1976 ஓகஸ்ட் 5, பர்மிங்ஹாம். எரிக் கிளப்ரன் மேடையில் நின்று, குடியேறியவர்களை வெளியேற்ற வேணும் என்றும், இனவாத அரசியல்வாதி ஈனொக் பவலை ஆதரிக்க வேணும் என்றும் பேசினார். இரண்டு வருசத்துக்கு முதல் பொப் மார்லியின் பாட்டொன்றைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த மனிசன்! புகைப்படக்காரர் ரெட் சோண்டர்ஸும் ரொஜர் ஹடிலும் வேறு சிலரும் சேர்ந்து இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு கோபக் கடிதம் எழுதினார்கள். அதில் பிறந்ததுதான் 'ரொக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்'. முதல் கச்சேரி அந்த நவம்பரில் கிழக்கு லண்டன் ஃபொரஸ்ட் கேற்றில் ஒரு மதுச்சாலையில் நடந்தது. இண்டைக்கு எங்கட சொந்தக்காரர் கனபேர் இருக்கிற ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கம்தான். அடுத்த வருசங்களில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கச்சேரிகள். வெள்ளைப் பங்க் குழுவும் கறுப்பு றெகே குழுவும் ஒரே இரவில், ஒரே மேடையில்.

இதன் உச்சம் 1978 ஏப்ரல் 30. ட்ரபல்கர் சதுக்கத்தில் இருந்து கிழக்கு லண்டன் விக்டோரியா பார்க் வரைக்கும் ஊர்வலம். ஏறக்குறைய 80,000 பேர் வந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், க்ளாஷ், றெகே குழுவான ஸ்ரீல் பல்ஸ், ரொம் ரொபின்சன் குழு. இவ்வளவு சனம் வரும் என்று ஒருவரும் எதிர்பார்க்காததால் ஒலிபெருக்கி போதவில்லை. பின்னால் நின்றவர்களுக்குப் பாட்டே ஒழுங்காகக் கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் பார்கிங்கில் இருந்து க்ளாஷைப் பார்க்க வந்த இருபது வயதுப் பெடியன் ஒருவன் நின்றான். பில்லி பிராக். அப்போது பாடகர் இல்லை, ஒரு அலுவலகத்தில் வேலை. அங்கே கூட வேலை செய்கிறவர்கள் இனவாதப் பகிடி விடும்போது வாய்மூடி இருந்தவன். ரொம் ரொபின்சன் தற்பாலீர்ப்பாளர்களின் பெருமை பற்றிய தன்னுடைய பாட்டைத் தொடங்கியதும், சுற்றி நின்ற ஆண்கள் ஒருவரை ஒருவர் முத்தமிடத் தொடங்கினார்கள். இனவாதத்துக்கு எதிரான கூட்டத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்றுதான் பிராக் முதலில் யோசித்தாராம். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது: பாசிஸ்டுகளுக்குத் தங்களைப் போல் இல்லாத எல்லோருமே எதிரிகள். அந்த நாளைப் பற்றிப் பல தடவை கதைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவர் அழுத்திச் சொல்வது, தன்னை மாற்றியது மேடையில் நின்ற க்ளாஷ் இல்லை, கூட நின்ற கூட்டம் என்பதுதான். பிறகு வேலைக்குப் போனபோது, தான் தனி ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு போனார்.

ஒரு கச்சேரி செய்யக்கூடிய ஆகப்பெரிய வேலை இதுவாகத்தான் இருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். ஆனால் அதன் எல்லையும் உடனேயே தெரிந்துவிட்டது. நான்கே நாளில், மே 4 அன்று, அதே கிழக்கு லண்டனில், தையல் தொழிற்சாலை வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அல்தாப் அலி என்ற வங்காள இளைஞர் கொல்லப்பட்டார். அவருடைய சவப்பெட்டியோடு ஆயிரக்கணக்கான வங்காளிகள் டவுனிங் தெருவுக்கு நடந்தார்கள். அந்த ஊர்வலத்தில் கிற்றார் இல்லை. செப்ரெம்பர் 24 அன்று தெற்கு லண்டன் ப்ரொக்வெல் பார்க்கில் இரண்டாவது திருவிழா. கூட்டம் முதலாவதை விடப் பெரிது. அதே நாளில் நஷனல் ஃப்ரண்ட் வங்காளிகள் வாழ்கிற பிரிக் லேன் பக்கம் ஊர்வலம் போனது. அவர்களை மறிக்கப் போனவர்கள் கொஞ்சப் பேர்தான். பெருங்கூட்டம் பூங்காவில் இசை கேட்டுக்கொண்டு நின்றது. இந்த விமர்சனத்தை அப்போதே வைத்தார்கள். இன்றுவரை அதற்கு ஒழுங்கான பதில் வந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை.

1979 ஏப்ரல் 23 அன்று சௌதோலில் நஷனல் ஃப்ரண்ட் தேர்தல் கூட்டம் வைத்தபோது எதிர்த்து நின்றவர்களைப் பொலிஸ் அடித்து நொறுக்கியது. ப்ளெயர் பீச் என்ற ஆசிரியர் செத்துப்போனார். ரொக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம் மேடைகளில் அடிக்கடி வாசித்த மிஸ்ரி இன் ரூட்ஸ் என்ற உள்ளூர் றெகே குழுவின் முகாமையாளர் கிளாரன்ஸ் பேக்கர் தலையில் அடிபட்டு நினைவிழந்தார்.

அந்த வருசமே தெற்கு லண்டனில் ஏலியன் கல்ச்சர் என்ற குழு தொடங்கியது. மூன்று பேர் பாகிஸ்தான் குடும்பத்துப் பெடியள், ஒருவர் வெள்ளை. வேறு கலாசார மக்களால் நாடு மூழ்கடிக்கப்படும் என்று மார்கரெட் தட்சர் 1978இல் தொலைக்காட்சியில் சொன்னதற்குப் பதிலடிதான் அந்தப் பெயர். வீட்டில் ஒரு கலாசாரம், வெளியில் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் இழுபடுவதைத்தான் பாடினார்கள். மொத்தமே ஒரு சிங்கிள், 1980இல். எங்களுக்குப் பெரிய வாசிப்பாகப் படவில்லை, உண்மையைச் சொன்னால் சுமார்தான். ஆனால் அவர்களுக்கு முன்னால் நின்ற ஆசியப் பெடியளுக்கு, தங்களைப் போன்ற முகம் மேடையில் இருந்த முதல் பங்க் கச்சேரி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

1981 ஜூலை 3. திரும்பவும் சௌதோல். ஹம்ப்ரோ ரவேர்ன் என்ற மதுச்சாலையில் 'ஓய்!' வகைப் பங்க் குழுக்கள் மூன்றின் கச்சேரி. தாங்கள் இனவாதிகள் இல்லை என்று அந்தக் குழுக்கள் சொன்னார்கள். அவர்களுடைய ரசிகர்கள் பஸ்களில் வந்து இறங்கினார்கள், கணிசமானோர் மொட்டையடித்த ஸ்கின்ஹெட்கள். கச்சேரி தொடங்க முதலே ஆசியர்களின் கடைக் கண்ணாடிகள் உடைந்தன. ஐந்து வருசத்துக்கு முதல் சகர் செத்த ஊர் இந்த முறை வீட்டுக்குள் இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான ஆசிய இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெற்றோல் குண்டுகள் விழுந்தன. இரவு முடியமுன் மதுச்சாலை எரிந்துபோனது. அந்தப் பெடியளில் எத்தனை பேர் வீட்டில் க்ளாஷ் கேட்டிருப்பார்கள் என்று நாங்கள் அடிக்கடி யோசிப்பதுண்டு.

எங்கட ஆட்கள் இந்தக் கதைக்குள் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறார்கள். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986இல் அகதியாகத் திரும்பிப் போன மாயா அருள்பிரகாசம் தெற்கு லண்டனில் வளர்ந்தார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அவர் 2007இல் வெளியிட்ட 'பேப்பர் ப்ளேன்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் வருகிற கிற்றார், குடியேறிகளைப் பற்றி க்ளாஷ் 1982இல் செய்த 'ஸ்ரெயிற் ரு ஹெல்' பாட்டில் இருந்து வெட்டி எடுத்தது. அந்தப் பாட்டை எழுதியவர்களின் வரிசையில் அருள்பிரகாசம் என்ற பெயரோடு ஸ்ட்ரமர், ஜோன்ஸ், சிமொனன், ஹெடன் என்று க்ளாஷின் நான்கு பெயரும் சேர்த்தே அச்சாகியிருக்கிறது.